ஓடிய தூரம் ஒன்று, ஏட்டில் ஏறிய தூரம் வேறு
வாசகர் கேள்வி–பதில்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன், 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு கல்லூரி ஆட்டக்காரர் வெறும் 27 யார்டு குறைவால் மாபெரும் சாதனையைத் தவறவிட்டார் என்று ஆற்றாமையோடு சொன்னான். எனக்கு அந்த ஆட்டத்தின் அரிச்சுவடியே தெரியாது. 27 யார்டு என்பது அவ்வளவு பெரிய விஷயமா?
– வாசகர், திருச்சி

பதில்: 27 யார்டு என்றால் 25 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அந்தத் தூரத்தை ஓடுவது எளிதன்று. வழிமறித்துச் சாய்ப்பதற்கென்றே எதிரில் 11 பேர் நிற்பார்கள்.

அங்கே கால்பந்து என்று அழைக்கப்படுவது நாம் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியோ, கூட்டாளிக்கு வீசியோ, 100 யார்டு நீளக் களத்தின் மறுமுனைக்குக் கொண்டு சேர்ப்பதே இலக்கு. அப்படிச் சேர்ப்பதை டச் டவுன் என்பார்கள். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் தரப்படும். அவற்றுக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக். அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியினரின் நடுவே முட்டி மோதி ஓடுபவர் ரன்னிங் பேக்.

உங்கள் மகன் சொன்னது ஐடஹோ மாநிலத்தின் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ரன்னிங் பேக்காக ஆடிய ஆஷ்டன் ஜென்டியைப் பற்றி. 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் ஓடிச் சேர்த்தது 2,601 யார்டு. ஒரே பருவத்தில் அதிக தூரம் ஓடியவர் என்ற சாதனை, 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட் அணிக்காக ஆடிய பேரி சாண்டர்ஸிடம் இருக்கிறது. அவருடைய கணக்கு 2,628. ஒவ்வொரு முறை பந்தை ஏந்தியபோதும் ஜென்டி சராசரியாக ஏறத்தாழ 7 யார்டு முன்னேறியிருக்கிறார் என்பதால், பாக்கி நின்ற தூரம் அவருடைய வழக்கமான நான்கு ஓட்டங்களுக்குச் சமம்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டமாக அமைந்துவிட்ட ஃபியஸ்டா பவுல் என்ற பருவ முடிவுச் சிறப்பு ஆட்டத்துக்குள் அவர் நுழையும்போது கையிருப்பு 2,497 யார்டு. சாதனையை முறியடிக்க 132 தேவைப்பட்டது. பென் ஸ்டேட் அணி அன்று தன் பலத்தையெல்லாம் அவரைத் தடுப்பதிலேயே இறக்கியது. 30 முறை பந்தை ஏந்தியும் அவருக்குக் கிடைத்தது 104 யார்டுதான். பாய்சி ஸ்டேட் 31–14 என்று தோற்றது. வென்றிருந்தால் தேசியப் பட்டத்துக்கான போட்டியில் இன்னோர் ஆட்டம் கிடைத்திருக்கும், சாதனையும் பெரும்பாலும் கைவசமாகியிருக்கும். ஆகவே ஆற்றாமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஆற்றாமை நியாயமானதுதானா என்பதை அடுத்த கேள்வியின் பதிலில் பார்ப்போம்.

கேள்வி: சாண்டர்ஸ் ஆடியது 11 ஆட்டங்கள், ஜென்டி ஆடியது 14 ஆட்டங்கள் என்று கேள்விப்பட்டேன். அப்படியிருக்க இருவரையும் ஒரே தராசில் வைப்பது எப்படி? உங்கள் தீர்ப்பு என்ன?
– வாசகர், டாலஸ், டெக்சஸ்

பதில்: சாண்டர்ஸ்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொன்ன ஆட்டக் கணக்கு சரியானதே. ஆட்டத்துக்குச் சராசரி என்று பார்த்தால் சாண்டர்ஸுக்கு ஏறக்குறைய 239 யார்டு, ஜென்டிக்கு ஏறக்குறைய 186. சாண்டர்ஸ் பந்தை ஏந்தியது 344 முறை. ஜென்டி 374 முறை. அதாவது, மூன்று ஆட்டங்கள் கூடுதலாகவும், 30 ஓட்டங்கள் கூடுதலாகவும் கிடைத்த பிறகும் ஜென்டி 27 யார்டு பின்தங்கியே நின்றார். இதுவே போதுமான சான்று. ஆனால் உண்மையான இடைவெளி இதைவிடப் பெரியது.

பருவம் முடிந்த பிறகு சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் சிறப்பு ஆட்டங்களைப் பவுல் ஆட்டங்கள் என்பார்கள். என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், 2002-ஆம் ஆண்டுக்கு முன்புவரை இந்தப் பவுல் ஆட்டங்களில் எடுத்தவற்றை ஆட்டக்காரரின் கணக்கில் சேர்க்கவில்லை. சாண்டர்ஸ் அந்த ஆண்டு வையோமிங் அணிக்கு எதிரான ஹாலிடே பவுல் ஆட்டத்தில் 222 யார்டு ஓடி ஐந்து டச் டவுன் எடுத்தார். அவ்வளவும் ஏட்டில் ஏறவே இல்லை. ஜென்டிக்கோ, ஃபியஸ்டா பவுலில் ஓடிய 104 யார்டும் கணக்கில் சேர்ந்தது. இன்றைய விதியை அன்றைக்கும் பொருத்தினால் சாண்டர்ஸின் கணக்கு 12 ஆட்டங்களில் 2,850 ஆகிறது. அப்போது இடைவெளி 27 அல்ல, 249. நான்கு ஓட்டங்களில் எட்டிவிடலாம் என்று தோன்றிய சாதனை, ஒரு முழு ஆட்டத்தைத் தாண்டி நிற்கும் சாதனையாக மாறிவிடுகிறது.

அதற்கு முந்தைய சாதனை 1981-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் ஆலன் ஓடிய 2,342 யார்டு. சாண்டர்ஸ் அதை 286 யார்டு தாண்டினார். அந்த ஒரே பருவத்தில் நான்கு ஆட்டங்களில் 300 யார்டுக்கு மேல் ஓடினார். இத்தனைக்கும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆட்டக்காரராகக் காத்திருந்தவர் அவர். முதன்மை ரன்னிங் பேக்காக அவருக்குக் கிடைத்ததே அந்த ஒரு பருவம்தான்.

ஜென்டியின் பக்கமும் நியாயம் உண்டு. சாண்டர்ஸின் அணியில் மைக் கண்டி என்ற திறமையான குவாட்டர்பேக்கும் ஹார்ட் லீ டைக்ஸ் என்ற பேர்பெற்ற பந்து பிடிப்பாளரும் இருந்தார்கள். எதிரணிகளால் சாண்டர்ஸ் ஒருவரை மட்டுமே குறிவைத்து நிற்க முடியவில்லை. ஜென்டியின் எதிரணிகளுக்கு அந்தத் தடுமாற்றம் அவ்வளவாக இல்லை. மேலும், எளிதாக வென்ற ஆட்டங்களில் அவரைப் பயிற்சியாளர்கள் பாதியிலேயே உட்காரவைத்தார்கள். போர்ட்லண்ட் ஸ்டேட் அணியோடு நடந்த ஆட்டத்தில் முதல் பாதியிலேயே 11 ஓட்டங்களில் 127 யார்டு சேர்த்தவர், இரண்டாம் பாதியில் களமிறங்கவே இல்லை. அன்று இன்னும் கால் மணி நேரம் ஆடியிருந்தால் 27 யார்டு எங்கே போயிருக்கும் என்று ரசிகர்கள் கேட்பதில் வியப்பில்லை. அப்படிக் கிடைத்திருந்தாலும் அது ஏட்டளவிலான சாதனையாகவே இருந்திருக்கும் என்பதே என் கருத்து.

கேள்வி: பவுல் ஆட்டங்களைச் சேர்க்காத விதியால் வேறு யாராவது பாதிக்கப்பட்டிருக்கிறார்களா? பழைய கணக்கைத் திருத்தினால் என்ன?
– வாசகி, கொழும்பு

பதில்: சாண்டர்ஸாவது இன்றும் முதலிடத்தில் இருக்கிறார். ரான் டேனுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேன், 1999-இல் தன் நான்காண்டுக் கல்லூரி வாழ்க்கையை 6,397 யார்டோடு முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் டெக்சஸின் ரிக்கி வில்லியம்ஸ், டோனி டார்செட் 1976 முதல் வைத்திருந்த 6,082 யார்டு சாதனையை முறியடித்து 6,279-க்குக் கொண்டுபோயிருந்தார். 22 ஆண்டு நிலைத்த சாதனை முறிந்த மறு ஆண்டே மீண்டும் முறிந்தது. பிறகு 2016-இல் சான் டியேகோ ஸ்டேட் அணியின் டானெல் பம்ப்ரி, லாஸ் வேகஸ் பவுல் ஆட்டத்தில் 115 யார்டு ஓடி, 6,405 என்ற புதிய உச்சத்தைத் தொட்டார். டேனைவிட எட்டே எட்டு யார்டு அதிகம்.

டேனும் நான்கு ஆண்டுகளில் நான்கு பவுல் ஆட்டங்களில் ஆடியவர். அவற்றில் அவர் ஓடியதைச் சேர்த்தால் கணக்கு 7,125-க்குப் போகிறது. பம்ப்ரிக்குச் சாதனையைப் பெற்றுத் தந்ததே ஒரு பவுல் ஆட்டம். டேனுக்கு நான்கு பவுல் ஆட்டங்களும் பூஜ்யம். பம்ப்ரி மீது இதில் எந்தக் குற்றமும் இல்லை. விதி எப்படி இருந்ததோ அப்படி ஆடினார், ஓடினார், வென்றார். ஆனாலும் சாதனைப் பட்டியலைப் பார்க்கும் விஸ்கான்சின்காரர் ஒருவரிடம் இதைச் சொல்லிச் சமாதானப்படுத்திவிட முடியாது.

சங்கத்தின் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. முற்காலத்தில் பவுல் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே நடந்தன. பருவம் முழுவதும் உழைத்ததற்கான பரிசுப் பயணமாகவே அவை கருதப்பட்டன. நல்ல ஆட்டக்காரர் பலருக்கு அந்த அழைப்பே வராதபோது, வந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பது அநீதி என்று நினைத்ததில் தவறில்லை. ஆனால் 2002-இல் அந்த எண்ணத்தைக் கைவிட்ட பிறகு, புதியவர்களுக்கு ஒரு கணக்கும் பழையவர்களுக்கு ஒரு கணக்கும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே பட்டியலில் அடுக்குவதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. திருத்த மனமில்லையென்றால் இரண்டு பட்டியல்களாகவாவது பிரித்திருக்கலாம்.

இதே கோளாறு தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் உண்டு. குவாட்டர்பேக்கைப் பந்தை வீசும் முன்பே வீழ்த்துவதைச் சாக் என்பார்கள். அலபாமாவின் டெரிக் தாமஸ் 1988-ஆம் ஆண்டுப் பருவத்தில் 27 சாக்குகள் எடுத்தார். ஆனால் அதிகாரபூர்வமான சாதனை 2002-இல் 24 சாக்குகள் எடுத்த அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ் பெயரில்தான் இருக்கிறது. ஏனென்றால் 2000-ஆம் ஆண்டுவரை சங்கம் சாக்குகளை எண்ணவே இல்லை.

கேள்வி: நம் ஊரில் ஒரு மட்டையாளர் சதத்துக்காக மெதுவாக ஆடினால் சுயநலக்காரர் என்று திட்டித் தீர்த்துவிடுவோம். அங்கே சாதனைக்காக ஆடுபவர்களை எப்படிப் பார்க்கிறார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: ஏறத்தாழ நம்மைப்போலத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மட்டையாளர் தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறார். ரன்னிங் பேக்கின் கையில் பந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர் பயிற்சியாளர். எனவே அங்கே பழி பெரும்பாலும் பயிற்சியாளரையே சேரும். வெற்றி உறுதியான பிறகும் முன்னணி ஆட்டக்காரரைக் களத்தில் வைத்திருந்தால் இரண்டு வகையான கண்டனம் எழும். வேண்டாத காயத்துக்கு வழிசெய்கிறார் என்பது ஒன்று. தோற்றுக் கிடக்கும் அணியை மேலும் அவமதிக்கிறார் என்பது மற்றொன்று.

இந்தத் தயக்கத்தின் விலை என்ன என்பதற்கு 2014 நவம்பர் நல்ல எடுத்துக்காட்டு. விஸ்கான்சினின் மெல்வின் கார்டன், நெப்ராஸ்காவுக்கு எதிராக வெறும் 25 ஓட்டங்களில் 408 யார்டு ஓடி, ஒரே ஆட்டத்தில் அதிக தூரம் ஓடிய சாதனையைப் படைத்தார். 1999-இல் டி.சி.யு. எனப்படும் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியின் லடேனியன் டாம்லின்சன் ஓடிய 406 யார்டு அன்றோடு பின்தள்ளப்பட்டது. கார்டன் இதைச் செய்தது மூன்று கால்பகுதிகளுக்குள். நான்காம் கால்பகுதியில் அவர் ஆடவே இல்லை. ஆடியிருந்தால் 500 யார்டைக்கூடத் தொட்டிருக்கலாம். சரியாக ஒரு வாரம் கழித்து, ஓக்லஹோமாவின் முதலாண்டு மாணவர் சமாஜே பெரின், கான்சஸ் அணிக்கு எதிராக 34 ஓட்டங்களில் 427 யார்டு ஓடிவிட்டார். 15 ஆண்டு நின்ற சாதனையை உடைத்தவருக்கு அதை அனுபவிக்கக் கிடைத்தது ஏழு நாட்கள்.

சாதனையைத் துரத்த மறுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மீண்டும் பேரி சாண்டர்ஸையே சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய முதல் ஆண்டான 1989-இல், டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் இறுதி ஆட்டம் வெற்றியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டு அதிக தூரம் ஓடியவர் என்ற பட்டத்துக்கு அவருக்கு வேண்டியிருந்தது சொற்பத் தூரமே. மீண்டும் களமிறங்க விருப்பமா என்று பயிற்சியாளர் கேட்டும் அவர் போகவில்லை; 10 யார்டு குறைவாக, 1,470 யார்டோடு முடித்தார். பட்டம் 1,480 யார்டு ஓடிய கிறிஸ்டியன் ஒகோயேவுக்குப் போயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து 1999-இல், வால்டர் பேட்டனின் 16,726 யார்டு என்ற வாழ்நாள் சாதனைக்கு 1,457 யார்டே பாக்கி இருந்த நிலையில், உடலில் தெம்பு இருந்தும் ஓய்வு அறிவித்துவிட்டார். ரசிகர்களுக்கு இது இன்றுவரை புரியாத புதிர். இவர் பெயரில்தான் கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய ஓட்டச் சாதனை நிற்கிறது என்பது அதைவிட வேடிக்கை.

கேள்வி: ஹைஸ்மன் விருது என்பது என்ன? அதை யார், எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? குவாட்டர்பேக்குகளுக்கே அது ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?
– வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: கல்லூரிக் கால்பந்தில் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு நியூயார்க்கில் வழங்கப்படும் விருது அது. 1935-இல் அந்நகரின் டவுன்டவுன் அத்லெட்டிக் கிளப் தொடங்கியது. முதலில் பெற்றவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். மறு ஆண்டு அந்தக் கிளப்பின் விளையாட்டு இயக்குநரான ஜான் ஹைஸ்மன் காலமானதும் விருதுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். பந்தை முன்னோக்கி வீசுவதை விதிகளில் அனுமதிக்கும்படி பல ஆண்டுகள் வாதாடி, 1906-இல் அது நிறைவேறக் காரணமானவர்களுள் ஒருவர் இந்த ஹைஸ்மன். 1916-இல் ஜார்ஜியா டெக் அணியின் பயிற்சியாளராக, கம்பர்லண்ட் கல்லூரியை 222–0 என்று துவைத்தெடுத்தவரும் இவரேதான். மேலே மதுரை வாசகர் கேட்ட கேள்வியை இவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

வாக்களிப்போரில் பெரும்பகுதியினர் பத்திரிகை, தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியாளர்கள். நாடு ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு 145 பேராக 870 பேருக்கு வாக்கு உண்டு. முன்னாள் வெற்றியாளர்களுக்கும் வாக்கு உண்டு. ரசிகர்களின் தேர்வு ஒரே ஒரு வாக்காகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும். முதல் இடத்துக்கு 3 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2, மூன்றாம் இடத்துக்கு 1. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பவுல் ஆட்டங்களும் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டங்களும் நடப்பதற்கு முன்பே, டிசம்பர் மாதத்தில் விருது அறிவிக்கப்பட்டுவிடுகிறது என்பதுதான்.

குவாட்டர்பேக்குகள் பற்றிய உங்கள் ஐயம் சரியானது. 2000 முதல் 2024 வரையிலான 25 விருதுகளில் 20 அவர்களுக்கே போயின. மற்ற ஐவர் ரெஜி புஷ், மார்க் இங்க்ரம், டெரிக் ஹென்றி என்ற மூன்று ரன்னிங் பேக்குகள், பந்து பிடிப்பாளர் டெவான்டா ஸ்மித், மற்றும் 2024-இல் வென்ற கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர். தாக்குதலின் ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து குவாட்டர்பேக்கின் கையைத் தொட்டுத்தான் போகிறது. அணியின் வெற்றி முழுவதும் அவர் பெயரில் எழுதப்படுவதும் அதனால்தான்.

ஹன்டர் அந்த வழக்கத்தை உடைத்தது ஒரு விசித்திரத்தால். தாக்குதலில் 96 முறை பந்தைப் பிடித்து 1,258 யார்டும் 15 டச் டவுனும் சேர்த்தவர், தற்காப்பிலும் நின்று எதிரணி வீசிய பந்துகளில் நான்கைக் கைப்பற்றினார். இக்காலத்தில் இரு பக்கமும் முழுநேரம் ஆடுபவர் அரிதினும் அரிது. ஜென்டி அவரிடம் 214 புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். ஒப்பற்ற எண்ணிக்கை ஒருபுறம், ஒப்பற்ற செயல் மறுபுறம். வாக்காளர்கள் செயலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

குறைசொல்ல வேண்டிய இடம் வேறு. 2019-இல் எல்.எஸ்.யு. எனப்படும் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ஜோ பரோ 60 டச் டவுன்களுக்குப் பந்து வீசி, விருது வரலாற்றிலேயே மிகப் பெரிய புள்ளி வித்தியாசத்தில் வென்றார். இரண்டே ஆண்டுகளில் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஜாப்பி 62 டச் டவுன்களும் 5,967 யார்டும் வீசி, ஒரு பருவத்துக்கான இரு சாதனைகளையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அவரை நியூயார்க் விழாவுக்குக்கூட அழைக்கவில்லை. பரோ ஆடியது வலிமை மிக்க அணிகளோடு, அவருடைய அணி ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டமும் வென்றது என்பதெல்லாம் உண்மை. ஆனால் சிறிய கூட்டமைப்புகளைச் சேர்ந்த அணிகளில் ஆடுபவர்கள் என்ன செய்தாலும் கண்ணில் படுவதில்லை என்பதும் உண்மை. அந்த வகையில் ஜென்டி இரண்டாமிடம் வரை ஏறியதே பெரிய செய்தி.

பெரிய பல்கலைக்கழகங்கள் பிரசாரமும் செய்யும். 2001-இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் தரப்பில் இரண்டரை லட்சம் டாலர் செலவில், குவாட்டர்பேக் ஜோயி ஹாரிங்டனின் பிரம்மாண்டமான படத்தை நியூயார்க் நகரில் வைத்தார்கள். கட்அவுட் கலாசாரம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. அவருக்கு விருது கிடைக்கவில்லை.

கேள்வி: பருவத்தின் கடைசி ஆட்டத்தை நட்சத்திர ஆட்டக்காரர்கள் புறக்கணித்துவிடுகிறார்கள் என்று படித்தேன். பணம் வந்துவிட்ட பிறகு கல்லூரிப் பற்று போய்விட்டதா?
– வாசகி, டொராண்டோ

பதில்: இரண்டையும் முடிச்சுப்போடுவது சரியாகாது, புறக்கணிப்பு தொடங்கியது, மாணவர்களுக்குப் பணம் கிடைக்காத காலத்தில். 2016-ஆம் ஆண்டுப் பருவ முடிவில் எல்.எஸ்.யு.வின் லெனர்ட் ஃபோர்னெட்டும் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மக்காஃப்ரியும் பவுல் ஆட்டத்தில் ஆட மறுத்தபோது பெரும் கூச்சல் எழுந்தது. அந்த ஆண்டின் முதல் நாள் நடந்தது அவர்கள் நினைவில் இருந்திருக்கும்: நோட்டர் டேமின் ஜேலன் ஸ்மித் ஃபியஸ்டா பவுலில் முழங்கால் சிதைந்து, தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் முதல் சுற்றிலிருந்து இரண்டாம் சுற்றுக்கு இறங்கி, பல மில்லியன் டாலர் இழந்தார். மக்காஃப்ரி 2015-இல் எல்லா வகையிலுமாக 3,864 யார்டு சேர்த்து, சாண்டர்ஸ் 1988 முதல் வைத்திருந்த 3,250 என்ற சாதனையை உடைத்தவர். அப்படியும் ஹைஸ்மன் விருது ஹென்றிக்கே போயிற்று. இனி நிரூபிக்க என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தால் அதில் பிழை காண மாட்டேன்.

2021 ஜூலை முதல் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெறும் உரிமை மாணவர்களுக்குக் கிடைத்தது. 2025-இல் ஒரு வழக்குச் சமரசத்தின் மூலம் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்தது. இதனால் நேர்ந்த நல்ல விளைவு ஒன்று, ரெஜி புஷ்ஷுக்குக் கிடைத்த நியாயம். குடும்பம் பணம் பெற்றது என்ற விசாரணையால் 2010-இல் தன் 2005-ஆம் ஆண்டு ஹைஸ்மனை இழந்தவர், 2024 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார்.

பற்றைப் பொறுத்தவரை, பெரிய அணிகளின் பண ஆசைகாட்டலுக்கு இசையாமல் பாய்சியிலேயே தங்கினார் ஜென்டி. ஹன்டரோ, விருதை வாங்கிய பிறகும் அலமோ பவுலில் ஆடினார், அணி தோற்றது. எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர்.

கேள்வி: ரன்னிங் பேக்குக்கு வழி திறந்துவிடும் தடுப்பாளர்களுக்கு விருது எதுவும் இல்லையா?
– வாசகர், கோவை

பதில்: அவுட்லண்ட் கோப்பை 1946 முதல் இருக்கிறது. ஓர் அணியின் தடுப்பு வரிசை முழுவதற்கும் சேர்த்து வழங்கும் ஜோ மூர் விருது 2015-இல்தான் வந்தது. ஹைஸ்மன் இவர்களுக்கு எட்டாக்கனி. 1973-இல் ஓஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் இரண்டாமிடம் வந்ததே உச்சம். இவர்கள் பந்தைத் தொடுவதில்லை. தொடாதவருக்கு எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாதவர் வாக்காளர் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: ஹைஸ்மன் விருதை இருமுறை வென்றவர் உண்டா?
– வாசகர், கொலம்பஸ், ஓஹாயோ

பதில்: கொலம்பஸிலிருந்து இந்தக் கேள்வி வருவது வெறும் தற்செயலாக இருக்க முடியாது! உங்கள் ஊர் ஓஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின் 1974, 1975 என்று இரு ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். வேறு யாருக்கும் அது வாய்க்கவில்லை. வென்ற பிறகும் கல்லூரிக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். டிம் டீபோ, லமார் ஜாக்சன், கேலப் வில்லியம்ஸ் போன்றவர்களும் மறு ஆண்டு வெறுங்கையோடுதான் போனார்கள். ஒருமுறை வென்றவரை வாக்காளர்கள் அவருடைய முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். எதிரணிகளோ அவரைத் தடுப்பதற்கே தனித் திட்டம் வகுக்கின்றன.

பள்ளிப்படிப்பு முடித்து மூன்று ஆண்டுகள் ஆனவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடலாம் என்பதால், இரண்டாவது முயற்சி செய்பவர்களின் எண்ணிக்கையே குறைவு. கல்லூரியிலேயே கணிசமான பணம் கிடைக்கும் இக்காலத்தில் அந்த அவசரம் சற்றுத் தணியக்கூடும். அப்படித் தணிந்தால், சாண்டர்ஸின் 2,628 யார்டுக்கு முன்பாகக் கிரிஃபினின் தனிப்பெருமைக்கே ஆபத்து வரும் என்று எதிர்பார்க்கிறேன். ரன்னிங் பேக் ஒருவருக்கே ஒரு பருவத்தில் 374 முறை பந்தைக் கொடுக்கும் பயிற்சியாளர்கள் இன்று மிகச் சிலர். பெரும்பாலான அணிகள் அந்தச் சுமையை இருவருக்கோ மூவருக்கோ பங்கிட்டுவிடுகின்றன.